வள்ளம் கட்டும் ஷெட்டில் ஆவி தேங்காமல் பார்த்துக்கொள்ள

தங்கச்சி மகன் குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறான். போன மாதம் போனில், "மாமா, ஃபிளேம்புரூஃப் லைட்டு மாட்டியாச்சு, இனி பயப்பட ஒண்ணும் இல்ல கேட்டியளா" என்றான். நான் கோணம் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் முடித்து, வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் 19 வருடம் அந்த மாதிரி லைட்டுகளையும் மோட்டார்களையும் சோதித்தே சம்பாதித்தவன். தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கென்றே செய்த அந்த லைட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது மூன்றாவது வேலை. முதலில் ரெசினும் அசிட்டோனும் விடும் ஆவியைக் கிளப்பாமல் இருக்க வேண்டும். அப்புறம், கிளம்பியதைத் தேங்க விடாமல் வெளியே தள்ள வேண்டும்.

பிரஷ், ரோலர் கழுவும் அசிட்டோனில் தொடங்குங்கள். ஃபைபர் மேல் பூசும் பிசினான ரெசினில் இருக்கும் ஸ்டைரீன், 31 டிகிரி வாக்கில்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும் (நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதுவே தாராளம்). அசிட்டோனுக்கு வெயிலே வேண்டாம், ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் ஆவி விடும். அது காற்றில் 2.5 சதவீதம் கலந்தால் வெடிக்கும். ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் சுமார் 330 லிட்டர் ஆவி. எட்டடிக்கு எட்டடி, ஏழடி உயரமுள்ள ஓர் அறையை வெடிகுண்டாக்க அது போதும். நீங்களோ பழைய பெயின்ட் பக்கெட்டில் ஐந்து லிட்டர் ஊற்றி, வாய் திறந்து நாள் முழுக்க வைத்திருக்கிறீர்கள்.

தானாக மூடிக்கொள்ளும் இரும்பு டப்பா வாங்குங்கள். அன்றைக்கு வேண்டியது மட்டும் உள்ளே வரட்டும், டிரம் வெளியே நிழலில் இருக்கட்டும். டிரம்மிலிருந்து ஊற்றும்போது நிலைமின்சாரப் பொறி வராதபடி டிரம்மையும் டப்பாவையும் கிளிப் வைத்த வயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். பிளாஸ்டிக் கேனில் இந்த வயர் வேலை செய்யாது. நனைந்த துணிக்கு மூடி போட்ட இரும்பு வாளி, சாயங்காலம் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆவி விஷயம் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, கலவை வெடித்துவிடும். முதலாவதை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதை எடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. கடலோரத்தில் ஒரு ஷெட், பெயர் வேண்டாம். ஆடிச் சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கியிருந்தார்கள். கூரையை ஒட்டி பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஓரத்தில் ரோலர் கழுவினார்கள், பதினைந்தடி தள்ளி ஒரு பையன் கிரைண்டர் பிடித்தான். தரையோடு தரையாக நெருப்பு ஓடி அணைந்துவிட்டது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே மட்டும் ரோமம் பொசுங்கியிருந்தது. நான் பார்க்கப் போனபோது அந்தக் கால்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அசிட்டோன் ஆவி காற்றைப்போல இரண்டு மடங்கு கனம், ஸ்டைரீன் மூன்றரை மடங்கு. இரண்டும் கீழேதான் கிடக்கும். மேலே சுற்றிய ஃபேன் நல்ல காற்றைத்தான் வெளியேற்றியது.

ஆகவே காற்று வெளியேறும் வழி தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும், உள்ளே வரும் வழி எதிர்ப்பக்கம். ஆவி கலந்த காற்றை இழுக்கும் ஃபேனுக்கு ஃபிளேம்புரூஃப் மோட்டார் வேண்டும், அது விலை. அதைவிட, சாதாரண ஃபேனை ஷெட்டுக்கு வெளியே சுத்தமான இடத்தில் வைத்து உள்ளே ஊதவிடுவது எனக்குப் பிடித்த வழி. வள்ளத்தின் உள்பக்கம், குறிப்பாக மீன் போடும் அறை, கிணறு மாதிரி. அங்கே பூசும்போது ஒரு குழாய் வைத்து அடிவரை காற்று போக வேண்டும்.

இப்போது லைட்டுக்கு வருவோம். ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் ஆவி நுழையாது என்று பலர் நினைக்கிறார்கள். நுழையும், உள்ளே வெடிக்கவும் செய்யும். பெட்டி அதைத் தாங்கும், மூடியின் மெல்லிய இடுக்கு வழியே வரும் நெருப்பு குளிர்ந்து அணைந்துவிடும். அந்த இடுக்குதான் பாதுகாப்பு. ஒரு போல்ட் குறைந்தாலும், மூடி பொருந்தும் முகத்தில் பெயின்டோ துருவோ ஏறினாலும் அது வெறும் தகரப்பெட்டி. நம் உப்புக்காற்றில் துரு வர ஒரு மழைக்காலம் போதும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது மின்சாரத்தை நிறுத்தித் திறந்து பாருங்கள். கேபிள் போகாத துளையை "தற்காலிகமாக" எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். 1974இல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் 28 பேர் செத்ததும் தற்காலிகமாக மாட்டிய ஒரு குழாயால்தான். ஸ்விட்சை முடிந்தவரை ஷெட்டுக்கு வெளியே வையுங்கள்.

கிரைண்டர், வெல்டிங் எல்லாம் பூச்சு வேலை இல்லாத நேரத்தில் மட்டும். தொடங்கும் முன் தரையோரமும் மூலைகளும் கேஸ் டிடெக்டரால் பார்க்க வேண்டும். வெடிக்கத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு காட்டினாலே வேலையை நிறுத்துங்கள். மூக்கை நம்பாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வாசனை பழகிவிடும். நம் ஷெட்டுகளில் டிடெக்டருக்கும் ஓர் ஆபத்து உண்டு. சிலிக்கான் ஸ்பிரேயும் சீலன்ட்டும் பட்டால் சாதாரண சென்சார் செத்துவிடும், திரையிலோ பூஜ்யமே நிற்கும். தினமும் டெஸ்ட் கேஸ் காட்டி அது கத்துகிறதா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொண்டு போங்கள்.

மருமகனிடம் இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். காலையில் ஃபேனைப் போட்டு பத்து நிமிடம் கழித்து, கணுக்கால் உயரத்தில் நாலு இடத்தில் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட வேண்டும். நாலும் வெளியேறும் பக்கம் சாய்ந்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். நேற்று இரண்டுதான் அசைந்ததாம்.