இனிப்புப் பானமும் உடல் எடையும்: தோட்டப்புற நகரத்து மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெடா மாநிலத்தின் பீடோங், செமிலிங் வட்டாரத்தில் ரப்பர் மரங்களுக்கும் செம்பனைக்கும் நடுவே இன்று பல்கலைக்கழக மாணவர்களும் வாழ்கிறார்கள். 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. மெர்போக்கில் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் கெடா வளாகம் இருக்கிறது. வீட்டுச் சமையலை விட்டு முதன்முறையாக விடுதிக்கு வரும் மாணவர், என்ன சாப்பிடுவது என்று ஓரளவாவது யோசிக்கிறார். என்ன குடிப்பது என்று அநேகமாக யோசிப்பதே இல்லை. எடை கூடியது தெரிய வரும்போதும் சோற்றின் மீதும் ரொட்டி சானாய் மீதும் பழி விழுகிறதே தவிர, அவற்றோடு மேசைக்கு வந்த குவளையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இனிப்புப் பானம் என்றால் கேனிலும் பாட்டிலிலும் அடைத்து விற்கப்படுவது மட்டுமே என்று நினைப்பது இவ்விஷயத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு. ஒரு மாணவரிடம் இனிப்புப் பானம் குடிப்பீர்களா என்று கேட்டால், கோலா குடிப்பதில்லை என்று பதில் வரும். அதே மாணவர் காலையில் பசியாறும்போது ஒரு தே தாரிக், மதியச் சாப்பாட்டுடன் சிராப் ஐஸ், மாலையில் மைலோ ஐஸ், இரவு படிக்கும்போது ஒரு பொட்டலம் மூன்றும் கலந்த காப்பி என்று நாளை முடித்திருப்பார். இவற்றில் எதற்கும் அவர் மனத்தில் 'இனிப்புப் பானம்' என்ற பெயர் கிடையாது. அவருக்கு இது வெறும் தேநீர், வெறும் மைலோ.

தே தாரிக்கின் கணக்கை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். அதில் ஊற்றப்படும் இனிப்பு டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி டின் பால் சுமார் 40 கிராம் எடை கொண்டது. ஆகவே ஒரு குவளையில் 20 கிராம் சீனி சேர்கிறது. கடைக்காரர் தனியாகவும் ஒரு கரண்டி சீனி போட்டால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனியும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சீனியும் சேர்ந்து ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மேலும் நல்லது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். இரண்டாவது தே தாரிக்கை முடிப்பதற்குள் 25 கிராம் தாண்டிவிடும்; மூன்றாவதில் 50 கிராமும் தாண்டிவிடும். கோலா என்ற பேச்சே இன்னும் வரவில்லை.

வரியைப் பற்றிய தவறான புரிதலும் இதனோடு தொடர்புடையது. மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள அடைக்கப்பட்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. அது 2024இல் 50 சென்னாக உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மேலும் 40 சென் படிப்படியாகக் கூட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த வரிக்கு நல்ல விளைவு ஒன்று உண்டு: தயாரிப்பாளர்கள் பலர் சீனியை அந்த 5 கிராம் எல்லைக்குக் கீழே இறக்கினார்கள். ஆனால் எல்லைக்குக் கீழே இருப்பது சீனியே இல்லாதது ஆகிவிடாது. 100 மில்லிலிட்டருக்கு 4.9 கிராம் உள்ள பானத்துக்கு வரி இல்லை. அதே பானம் 500 மில்லிலிட்டர் பாட்டிலில் வந்தால் அதில் 24.5 கிராம் சீனி இருக்கிறது, அதாவது மேலே சொன்ன 25 கிராமை ஒரே பாட்டில் ஏறத்தாழ முடித்துவிடுகிறது. மாமாக் கடையிலும் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையிலும் கலக்கிக் கொடுக்கப்படும் குவளைக்கோ இந்த வரியும் இல்லை, லேபிளும் இல்லை. எங்கள் பக்கத்தில் அதிகம் குடிக்கப்படுவது இந்தக் குவளைதான் என்பதால், வரி வந்துவிட்டது, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

லேபிள் இருக்கும்போதும் அதைப் படிப்பதில் இரண்டு சறுக்கல்கள் நேர்கின்றன. ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு சீனி என்ற எண்ணைப் பாட்டில் முழுவதற்குமான எண்ணாக எடுத்துக்கொள்வது ஒன்று. பாட்டிலில் இரண்டு பரிமாறல் இருந்தால் எண்ணை இரட்டிப்பாக்க வேண்டும். 2017இல் சுகாதார அமைச்சு தொடங்கிய 'ஆரோக்கியமான தேர்வு' சின்னத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று முடிவு செய்வது மற்றொன்று. அந்தச் சின்னம் ஒரு பொருளை அதே வகையைச் சேர்ந்த பொருட்களுக்கென வகுத்த அளவுகோலில் வைத்துப் பார்த்துத் தரப்படுவது. வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டுத் தரப்படுவது அன்று. மூன்றும் கலந்த காப்பிப் பொட்டலங்களில் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமுள்ளது முதலில் எழுதப்படும் என்பது விதி; பல பொட்டலங்களில் முதல் இரண்டு இடங்களுக்குள் சீனி நிற்பதையும், காப்பி அதற்குப் பின்னால் வருவதையும் காணலாம்.

'கூராங் மானிஸ்' (இனிப்பைக் குறை) என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவதும் பரவலான பழக்கம். அப்படிச் சொல்வது ஒன்றும் சொல்லாமல் இருப்பதைவிட நிச்சயம் மேலானது. ஆனால் அதற்கு அளவு கிடையாது. ஒரு கடையில் பாதியாகக் குறையும், இன்னொரு கடையில் கரண்டியின் நுனியளவு மட்டும் குறையும். மேலும், பால் கலந்த தேநீரில் நிறமும் கெட்டியும் டின் பாலையே நம்பியிருப்பதால் கடைக்காரர் மிகவும் குறைக்கத் தயங்குவார். தே ஓ கோசோங் கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. அதில் சீனியும் இல்லை, டின் பாலும் இல்லை. முதல் வாரம் கசக்கும். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தேர்வுக் காலத்தில் பழைய குவளைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

சீனியை மாற்றிவிட்டால் போதும் என்பதும் சரியன்று. தேனோ, நாட்டுச் சர்க்கரையோ, குலா மலாக்கா என்ற பனை வெல்லமோ பானத்தில் கரைந்தால் அதுவும் கணக்கில் சேரும் சீனிதான். கரும்புச்சாறும் அப்படியே. முழுப் பழத்தைத் தின்பதையும் அதைச் சாறாக்கிக் குடிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் வெவ்வேறாகவே நடத்துகிறது. சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்துவது நீண்ட கால எடைக் கட்டுப்பாட்டுக்கு உகந்த வழியன்று என்று அதே நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருக்கிறது.

குடிப்பதும் தின்பதும் உடலுக்கு ஒன்றே என்ற எண்ணத்தைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 15 பேருக்கு நாளொன்றுக்கு 450 கலோரி அளவில் சீனி கொடுக்கப்பட்டது. நான்கு வாரம் அது மிட்டாயாகவும், மற்றொரு நான்கு வாரம் குளிர்பானமாகவும் வந்தது. மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தம்மை அறியாமலேயே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானம் குடித்த வாரங்களில் குறைக்கவில்லை. பதினைந்து பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்றாலும், பின்னர் நெதர்லாந்தில் 641 சிறுவர்களைக் கொண்டு நடந்து 2012இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. தினமும் 250 மில்லிலிட்டர் சீனிப் பானம் குடித்த பிள்ளைகளின் எடை 18 மாதங்களில் சராசரியாக 7.37 கிலோ கூடியது. அதே அளவு சீனியற்ற பானம் குடித்தவர்களுக்கு 6.35 கிலோ கூடியது. யாருக்கு எந்தப் பானம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து நடத்தப்பட்டதால் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம். பானத்தில் வரும் ஆற்றலை வயிறு சரிவரப் பதிவு செய்துகொள்வதில்லை என்பதே சாரம். ஆகவே தே தாரிக் குடித்ததற்காக ஒருவர் நாசி லெமாக்கைப் பாதியில் வைப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, கணக்கை மிகையாக ஊதிக் காட்டுவது. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7700 கலோரி என்ற எண்ணை எடுத்து, தினமும் 100 கலோரி கூடுதலானால் மூன்று ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் 14 கிலோ ஏறிவிடும் என்று பெருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. உடல் அப்படி இயங்குவதில்லை. எடை கூடக் கூட அதைச் சுமக்கும் செலவும் கூடுவதால் ஏற்றம் மெல்ல நின்றுவிடும். 2011இல் 'தி லான்செட்' இதழில் வெளியான கணித மாதிரி ஒன்றின்படி, தினசரி ஆற்றலில் நிலையாக ஏற்படும் ஒவ்வொரு 24 கலோரி மாற்றமும் கடைசியில் சுமார் ஒரு கிலோ எடை மாற்றத்தைத் தரும். அதில் பாதி முதல் ஆண்டிலும், 95 விழுக்காடு மூன்று ஆண்டுகளிலும் நிகழும். 100 கலோரிக்கு ஏறத்தாழ 4 கிலோ. 14 கிலோ என்று பயமுறுத்தப்பட்டவர் அது நடக்காதபோது எல்லாமே பொய் என்று விட்டுவிடுவார் என்பதால், 4 கிலோ என்ற உண்மையான எண்ணையே நான் சொல்ல விரும்புகிறேன். அது சிறிய எண்ணும் அன்று. 165 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடல் நிறை குறியீடு (கிலோவிலான எடையை மீட்டரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 22.8, 4 கிலோ கூடினால் அது 24.2 ஆகிறது. ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்து உயரத் தொடங்குகிறது என்று கொள்ளப்படுகிறது. 25ஐத் தொடாதவரை கவலையில்லை என்று இணையத்தில் கிடைக்கும் பொதுவான அட்டவணையை நம்பியிருப்பதும் ஆகவே தவறுதான்.

நம் சமூகத்துக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்துகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. இன வாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையே அது மிக அதிகமாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்களாக இருந்தார்கள். தாத்தா காலத்தில் இனிப்பான தேநீர் குடித்துத்தானே தோட்டத்தில் வேலை செய்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் சீவி, ரப்பர் பால் வாளி சுமந்து, மலைக்காட்டில் ஏறி இறங்கியவரின் உடல் அந்தச் சீனியை வெயில் ஏறுவதற்குள் எரித்துத் தீர்த்தது. விரிவுரை மண்டபத்திலும் விடுதி மேசையிலும் நாளைக் கழிக்கும் பேரனுக்கும் பேத்திக்கும் அந்தக் குவளை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, அந்த உழைப்பு வரவில்லை.

மாணவர்களே நடத்தும் ஆய்வுகளைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. ஒரு வளாகத்தில் சில நூறு பேரிடம் ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்து, பானத்தின் அளவையும் எடையையும் ஒப்பிட்டு, தொடர்பு இல்லை என்று முடிவு வந்தால், இனிப்புப் பானம் எடையைக் கூட்டாது என்று அதற்குப் பொருள் இல்லை. எடை கூடியவர்களில் சிலர் ஏற்கனவே பானத்தைக் குறைத்திருப்பார்கள். சிலர் குடிப்பதைக் குறைத்துச் சொல்வார்கள். வினாத்தாளில் கோலாவும் சோடாவும் மட்டும் இருந்து தே தாரிக்கும் பண்டோங்கும் விடுபட்டிருக்கலாம். தொடர்பு இருக்கிறது என்று வந்தாலும், எது காரணம், எது விளைவு என்பதை ஒரே நாள் கணக்கெடுப்பு சொல்லாது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலும் திருமண வீட்டு சிராப்பும் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆண்டுக்கு ஒருசில நாள் வருவது எடையைத் தீர்மானிப்பதில்லை. தினமும் வருவதைத்தான் பார்க்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரு வாரம் குடிப்பதையெல்லாம் கைப்பேசியில் குறித்துவைத்து, அதில் பழக்கத்தால் மட்டும் குடிக்கும் ஒரு குவளையை முதலில் தேர்ந்தெடுத்து தண்ணீராகவோ தே ஓ கோசோங்காகவோ மாற்றினால் போதும்; பிடித்தமான குவளையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். எடையைத் தினமும் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், இடுப்புச் சுற்றளவோடு சேர்த்து அளந்தால் போக்கு தெரியும். அந்தச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டாமல் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தாலோ, அடிக்கடி தாகமும் இரவில் சிறுநீர் கழிக்கும் தேவையும் ஏற்பட்டாலோ, எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் அரசாங்க சுகாதார மருந்தகத்துக்குப் போய் இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்.