கேட்டதைக் கொடுத்தால் மட்டும் போதாது: தொழிற்சாலைப் பொருள் வழங்கும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போல்ட், நட், பேரிங், ஆயில் சீல், வி-பெல்ட், குழாய் இணைப்புகள், வெல்டிங் ராடு, கையுறை என்று ஆயிரக்கணக்கான பொருட்களைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிறுவனத்தில் சேர்பவர்களில் பலர் இதை வெறும் விற்பனை வேலை என்று எண்ணித்தான் வருகிறார்கள். கேட்டதை எடுத்துக் கொடுப்பது, பில் போடுவது, மாத இலக்கை எட்டுவது என்பதோடு வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நம்மை அழைப்பவரின் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் இயந்திரம் நின்றுபோய்க் கிடக்கிறது. அதைச் சுற்றி ஆட்கள் காத்திருக்கிறார்கள். விரலில் மாட்டக்கூடிய ஒரு ரப்பர் வளையம் மாறிப் போனாலும் அந்தக் காத்திருப்பு இன்னும் ஒரு நாள் நீளும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருபவை.

"எம் 12 போல்ட், 50 நீளம், நூறு வேண்டும்" என்று ஆர்டர் வருகிறது. முழு விவரமும் இருப்பதுபோலத் தோன்றும், பாதிதான் இருக்கிறது. எம் 12 என்றால் விட்டம் 12 மி.மீ. அதில் பரவலாகப் பயன்படும் மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம், 1.75 மி.மீ.; நுண்மரையில் 1.5, 1.25 ஆகியவையும் உண்டு. தலை அறுகோணமா, ஆலன் சாவி போடும் வகையா? முழு மரையா, பாதி மரையா? தலை உள்ளே அமிழ்ந்து உட்காரும் கவுன்டர்சங்க் வகை என்றால் நீளத்தைத் தலையோடு சேர்த்து அளக்க வேண்டும். அறுகோணத் தலைக்கோ தலைக்குக் கீழிருந்துதான் கணக்கு.

அடுத்தது வலிமை. தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9, 12.9 ஆகிய எண்கள் அதைத்தான் சொல்கின்றன. 8.8 என்றால் அறுபடும் வலிமை 800 மெகாபாஸ்கல். அதில் பத்தில் எட்டுப் பங்கான 640-ஐத் தாண்டினால் போல்ட் மீளாதபடி நீளத் தொடங்கிவிடும். இதைக் கற்றுக்கொண்ட உடனே பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். 8.8 கைவசம் இல்லை, 12.9 இருக்கிறது, உசத்தியானதுதானே என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அளவுக்கு மீறிய சுமை வந்தால் தான் முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றட்டும் என்றே சில இயந்திரங்களில் போல்ட்டைத் தேர்ந்து வைத்திருப்பார்கள். அங்கே வலுவானதைப் போட்டால் போல்ட் நிற்கும், கியர்பாக்ஸ் உடையும். இன்னோர் ஆபத்தும் உண்டு. 12.9 போன்ற மிகக் கடினமான போல்ட்டுக்கு மின்முலாம் பூசும்போது உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து தங்கிவிட்டால், இறுக்கிய பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து எந்த அறிகுறியும் இல்லாமல் முறிந்துவிடும். "எங்கே போடப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த இரண்டுமே நடக்காது.

குழாய் மரையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குழாயின் பெயர் அரை அங்குலம். வெர்னியர் அளவுகோலை வைத்தால் வெளிவிட்டம் 21 மி.மீ. அளவில் காட்டும். பழைய குழாய்களின் உள்துளையை ஒட்டி வந்த அளவு அது. அளந்த எண்ணை வைத்து முக்கால் அங்குலத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட நுட்பமான சிக்கல் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) என்ற இரண்டு வகைகளுக்கு இடையே இருக்கிறது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்வைத்த மரைக்கு 55 பாகைக் கோணம். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்ததற்கு 60 பாகை. முன்னதன் வழியில் வந்தது பிஎஸ்பி. என்பிடி மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால், ஒன்றுக்குள் மற்றொன்று கையால் சுற்றினாலே ஏறிவிடும். பொருந்திவிட்டது என்று மனமும் நம்பிவிடும். அழுத்தம் ஏறியதும் கசியும். "மரைமேல் டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்றுச் சுற்றுங்கள்" என்று சொல்லி அனுப்புவது, அதிலும் ஹைட்ராலிக் குழாய்க்குச் சொல்வது, ஆளைக் காயப்படுத்தக்கூடிய அறிவுரை. மரையை அளக்கும் பிட்ச் கேஜின் பற்களை மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடைவெளி தெரிகிறதா இல்லையா என்பதிலிருந்தே கோணம் பிடிபடும். இந்தச் சிறு கருவி கவுன்டரில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பேரிங் வேறு வகையில் ஏமாற்றும். கிரீஸும் கரியும் அப்பிய பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஃபிட்டர் கவுன்டரில் வைப்பார். துடைத்தால் 6205 என்ற எண் தெரியும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, அகலம் 15. புதியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டு ரேக்கை நோக்கி நடந்துவிடுவார். எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்துகள்தான் மிச்சக் கதையைச் சொல்லும். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் இரு பக்கமும் உலோகத் தகடு. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்கு விட்டிருக்கும் இடைவெளி வழக்கத்தைவிடச் சற்று அதிகம். மின்மோட்டாரில் உள்வளையம் சூடேறி விரியும் என்பதற்காகவே பல மோட்டார்களில் சி3 போடுகிறார்கள். சாதாரண இடைவெளி கொண்டதை அங்கே பொருத்தினால் முதல் நாள் நன்றாகவே ஓடும். பிறகு சூடேறி இறுகி, சீக்கிரமே சத்தம் போடத் தொடங்கும். எழுத்து அழிந்திருந்தால் எது கைக்கு வருகிறதோ அதைக் கொடுக்காமல், மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல மோட்டார்களில் பேரிங் எண் அதிலேயே இருக்கும்.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விஷயத்தில் கண்ணை நம்பவே கூடாது. நைட்ரைல், ஈபிடிஎம், விட்டான் என்ற ரப்பர் வகைகள் மூன்றுமே கறுப்பாக, ஒரே அளவில், ஒரே மாதிரி இருக்கக்கூடும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும். ஈபிடிஎம் வெந்நீருக்கும் நீராவிக்கும் நல்லது. ஆனால் கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். அதிக வெப்பம் என்றால் விட்டான். இதனால்தான் பையிலிருந்து வெளியே கிடக்கும் ஓ-ரிங்கை "இந்தப் பெட்டியில் இருந்ததாகத்தான் இருக்கும்" என்று திரும்பப் போடுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். திரும்பி வந்த பொருளைச் சோதிக்காமல் ரேக்கில் வைப்பதும் அப்படித்தான். அடையாளம் உறுதியாகவில்லை என்றால் தனியாக வைக்க வேண்டும். அப்போதும் தெரியவில்லை என்றால் கழித்துவிட வேண்டும். வீணாகிறதே என்ற வருத்தம் வேண்டாம். தவறான ஒன்று வெளியே போனால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு.

காலாவதியையும் பலர் கவனிப்பதில்லை. ரெசினால் பிணைத்த கிரைண்டிங் சக்கரத்தின் நடுவளையத்தில் பயன்படுத்த வேண்டிய கடைசி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பழைய சக்கரம் வேகத்தில் சிதறினால் அதைப் பிடித்திருப்பவர் முகத்துக்கு நேரே வரும். 7018 வகை வெல்டிங் ராடு ஈரத்தை உறிஞ்சினால் பற்றவைப்பில் விரிசல் விழலாம். முன்னே வந்தது முன்னே போக வேண்டும்; கிழிந்த பொட்டலம் விற்பனைக்குப் போகக் கூடாது.

இனி, பொருளைவிடப் பேச்சில் நடக்கும் தவறுகள். கேட்ட தயாரிப்பு இல்லாதபோது "இதுவும் அதேதான்" என்று சொல்லாமல் கொள்ளாமல் மாற்றி அனுப்புவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். மாற்றுப் பொருள் தவறல்ல. பல நேரம் அதுதான் இயந்திரத்தை ஓட வைக்கும். ஆனால் விலைப்புள்ளியிலேயே என்ன தயாரிப்பு, எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். முடிவு அவருடையது.

டெலிவரித் தேதியும் அப்படித்தான். கணினி ஆறு இருப்பு என்று காட்டும்; ரேக்கில் நாலுதான் இருக்கும், அதிலும் இரண்டு இன்னொருவருக்காக எடுத்து வைத்ததாக இருக்கும். அவசர ஆர்டர் என்றால் எழுந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். வராது என்று தெரிந்தால் தெரிந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் தொழிற்சாலைக்காரர் வேறு வேலையை முன்னே தள்ளிக்கொள்வார், வேறு இடத்திலாவது தேடுவார். மாலையில் அவரே அழைத்துத் தெரிந்துகொண்டால் அவருடைய அந்த நாளே போய்விடும்.

சோதனைச் சான்றிதழ் வேண்டுமா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எஃகுத் தண்டின் ஒரு முனையில் மட்டும், எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் உருக்கு எண் குத்தியிருக்கும். அந்த முனையை வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்சத் தண்டுக்கு அடையாளமே இல்லை. அதற்கான சான்றிதழ் அலமாரியில் இருந்தும் பயனில்லை. வெட்டுவதற்கு முன் எண்ணை மறுமுனையிலும் குத்திவிடுவதே சரி.

கடைசியாக, ஸ்டோர்ஸில் இருப்பவரை வெறும் பொருள் எடுத்துத் தருபவராகப் பார்ப்பது. எந்தப் பெட்டியின் லேபிள் தவறு, எந்தச் சரக்கு அடிக்கடி திரும்பி வருகிறது, எந்தத் தொழிற்சாலை எந்தப் பெயரில் எதைக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "தம்பி, அவங்க வாங்குறது எப்பவும் சி3, போன தடவையும் இப்படித்தான் எழுதி அனுப்பினாங்க" என்று அவர் சொல்லும் ஒரு வரி ஒரு லாரியைத் திரும்ப வராமல் காக்கும். அந்த அறிவு அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடுவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு உண்மையான கவலை. ஆகவே ஒரு பொருள் சரியாகப் பொருந்தியது என்று தகவல் வந்தவுடன், வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே எந்த இயந்திரம், எந்த இடம், முழு எண், தயாரிப்பு ஆகிய நான்கையும் பதிந்து வையுங்கள். அடுத்த முறை அவர் இரவுப் பணியில் அழைக்கும்போது, நீங்கள் விடுப்பில் இருந்தாலும், போனை எடுப்பவர் சரியானதை அனுப்ப முடியும்.