பழைய வண்டி ஆயில் குடிக்கிறதா? கணக்குப் போடுவதில் செய்யக்கூடாத தவறுகள்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ஆயில் குடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது. "கொஞ்சம் இறங்குதுங்ணா", "அப்பப்ப ஊத்திக்கறனுங்க", "போன தடவ அரை லிட்டர் ஊத்துனாப்ல இருக்குதுங்க" என்று இப்படித்தான் வரும். கணபதி, பீளமேடு, குறிச்சி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத் ஓடுகிற ஊர் எங்கள் கோயம்புத்தூர். பம்ப் ஷாஃப்டில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடிப்போனால் மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிற ஆள், சொந்தக் காரின் ஆயிலை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிடுகிறார்.

நல்ல ஆயில் வாங்குங்கள், நேரத்துக்கு மாற்றுங்கள், ஃபில்டரைச் சேர்த்து மாற்றுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டித் தொழிலில் நாங்கள் ஒருகாலத்தில் வரிசையாகப் போய் விழுந்த குழிகள் சில இருக்கின்றன. இன்றைக்குப் பழைய டீசல் வாங்குகிற பையன்களும் அச்சு மாறாமல் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அதை மட்டும் நீட்டி எழுதுகிறேன்.

ஆயில் லைட் எரியட்டும் என்று இருப்பது

அந்தச் சிவப்பு லைட் பெரும்பாலான பழைய வண்டிகளில் ஆயில் அழுத்தத்துக்கானது, அளவுக்கானதல்ல. ஓடும்போது எரிந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள்.

நினைத்த இடத்தில் ஸ்டிக்கை உருவுவது

ஸ்டிக் என்பது என்ஜினில் ஆயில் அளவு பார்க்க உருவுகிற கம்பி, அதில் மேல் கோடு, கீழ் கோடு என்று இரண்டு கோடு இருக்கும். நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் போர்ட்டிகோ தரை எப்போதும் கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டுமே. வாசலில் நின்று பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். ஒரு கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அந்தச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி வண்டி நின்றால் ஒரு அளவு, பின்னால் எடுத்துத் திருப்பி விட்டால் வேறு அளவு. சில என்ஜின்களில் கால் லிட்டர்கூட வித்தியாசம் காட்டும்.

ஓடி வந்து நிறுத்தின கையோடு பார்ப்பதும் இதே கதைதான். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு ஏறின ஆயில், அடியில் இருக்கிற தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும், பத்து நிமிஷமாவது விடுங்கள். எனக்குப் பிடித்த முறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பார்ப்பது. உங்கள் வண்டியின் கையேடு சூட்டில் பார்க்கச் சொன்னால் சூட்டிலேயே பாருங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே நிலை. ஒருநாள் குளிரில், ஒருநாள் சூட்டில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் அந்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

துடைக்க வெள்ளை பனியன் வேஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் புண்ணியத்தில் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. முதல் தடவை உருவியதைத் துடைத்துவிட்டு, மறுபடி முழுக்க இறக்கி எடுத்துப் படியுங்கள். ஸ்டிக்கின் ஒரு பக்கம் குழாய்ச் சுவரில் உரசி ஆயில் ஏறியிருக்கும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்துத் தாழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் தெளிவாக இருப்பதால் கோடு கண்ணுக்குப் பிடிபடாது. ஸ்டிக்கைப் பனியன் துணிமேல் ஒற்றி எடுத்தால் ஈரம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஒரே ஒரு அளவை நம்பி என்ஜினை இறக்குவது

எரிச்சல் என்றேனே, அது இதுதான்.

கோபி பக்கம் எனக்குப் பங்காளி முறையில் ஒரு அண்ணன். மஞ்சளும் வாழையும் போடுகிறவர். 2 லட்சம் தாண்டிய சின்ன டீசல் செடான் வைத்திருந்தார். இழுவை, மைலேஜ், ஸ்டார்ட்டிங் எல்லாம் நன்றாக இருந்த வண்டி. டவுனில் ஓரிடத்தில் ஆயில் மாற்றினார்கள். பழைய ஆயிலை இறக்கி, புது ஃபில்டர் போட்டு, ஆயில் ஊற்றி, ஸ்டிக்கை உருவி மேல் கோட்டில் சரியாக நிற்பதைக் காட்டினார்கள். பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து வந்துவிட்டார். ஏதோ 600 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருநாள் காலையில் வீட்டுப் போர்ட்டிகோவில் பார்த்தால், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவிலிருந்து இன்னும் கீழே. எனக்குப் போன்.

"தம்பி, அரை லிட்டருக்கு மேல குடிச்சுப்போட்டுது. ரிங் போயிருச்சாட்ட இருக்குது." (ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்.)

"மேல் கோடு வரைக்கும் அளந்து ஊத்தி, கிலோமீட்டரை எழுதி வெச்சுக்குங்கண்ணா. இன்னொரு ஆயிரம் ஓடட்டும், கொண்டாங்க பாப்போம்" என்றேன். அவர் பொறுக்கவில்லை. வேறோர் இடத்தில், "ரிங் போச்சுங்க, விட்டா கிராங்க்கும் போயிரும்" என்று சொன்னதும் பயந்துபோய் என்ஜினை இறக்கச் சொல்லிவிட்டார்.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஆயில் மாற்றினவுடன் புது ஃபில்டர் காலியாக இருக்கும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அது தன் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். சின்ன என்ஜினில் சுமார் கால் லிட்டர். இவருக்குக் காட்டினது ஸ்டார்ட் செய்வதற்கு முந்திய அளவு. ஆக, கடையை விட்டு வெளியே வரும்போதே ஆயில் கோட்டுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கைப் போர்ட்டிகோ சரிவு விழுங்கியது. நிஜமாகவே எரிந்துபோன ஆயில் மிஞ்சிப்போனால் நூறு, நூற்றைம்பது மில்லி இருந்திருக்கும். அந்த வயது வண்டிக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோனார்கள். லேத்காரர் போர் கேஜை, அதாவது பிஸ்டன் ஓடுகிற துளையின் (போர்) விட்டத்தை அளக்கிற கருவியை, விட்டுப் பார்த்தால் அளவு கம்பெனி சொன்ன வரம்புக்குள்ளேயே இருக்கிறது, ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய, குறுக்குக் கோடுகள்கூட இன்னும் தெரிகின்றன. "ஏனுங்கண்ணா, இதுல என்ன போயிருக்குதுன்னு கழட்டுனீங்க?" என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் பதில் இல்லை. சரி, கழற்றியது கழற்றியாகிவிட்டது, புது ரிங்காவது போட்டுவிடுவோம் என்று போட்டார்கள். அதையும் மறுபடி ஹோனிங் செய்யாமல் போட்டார்கள். கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தாலும் அத்தனை கிலோமீட்டர் ஓடின சுவர் வழவழப்பாகியிருக்கும். புது ரிங் அதில் உரசிப் பதிந்து உட்காராது. உட்காராத ரிங், சுவரில் இருக்கிற ஆயிலை வழித்துக் கீழே அனுப்பாது. எழுபதாயிரத்துக்கு மேல் செலவு செய்து, ஆயில் குடிக்காத வண்டியை ஆயில் குடிக்கிற வண்டியாக மாற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தார். இப்போது 1500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் கேட்கிறது.

இதில் கணக்கு சின்னதுதான். கால் லிட்டர் பிழையை 600 கிலோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1000-க்கு 400 மில்லி போகிற மாதிரி பயமுறுத்தும். அதே பிழை 3000 கிலோமீட்டரில் 1000-க்கு 80 மில்லி சொச்சம்தான். ஓட்டம் குறைவாக இருந்தால் பிழை ஊதிப் பெரிதாகும். அதனால் ஆயில் மாற்றினதும் இரண்டு நிமிஷம் ஓட விட்டு, அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்து, மேல் கோட்டுக்கு நிரப்பச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் உங்கள் வழக்கமான இடத்தில் பார்க்கிற அளவுதான் உங்கள் ஆரம்பம். கடையில் காட்டினதை மறந்துவிடுங்கள். அங்கிருந்து குறைந்தது 1000, முடிந்தால் 1500 கிலோமீட்டர் ஓட்டி, அதே இடத்துக்கு ஆயிலைத் திரும்பக் கொண்டுவர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று பாருங்கள். இதை மூன்று தடவையாவது செய்து, மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போன பிறகு ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

ஊற்றினதை எழுதாமல் விடுவது

பால் சொசைட்டியில் காலையும் சாயங்காலமும் அளந்து எழுதுகிற மாதிரி, டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு. தேதி, கிலோமீட்டர், ஸ்டிக் அளவு, ஊற்றின மில்லி, அந்த வாரம் ஓடின ஓட்டம். இவ்வளவு போதும்.

மில்லியை எப்படி அளப்பது? டப்பாவின் ஓரத்தில் இருக்கிற கோடு தோராயமானது. சமையலறைத் தராசு இருந்தால் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் டப்பாவை நிறுத்துவிடுங்கள். என்ஜின் ஆயில் தண்ணீரைவிட லேசு, 1 லிட்டர் சுமார் 870 கிராம் நிற்கும். டப்பாவில் 260 கிராம் குறைந்திருந்தால் 300 மில்லி உள்ளே போயிருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தராசை எடுப்பது நல்லது.

ஓனரும் டிரைவரும் ஆளுக்கொரு டப்பா வைத்திருப்பது

ஒரே ஆள் ஊற்றட்டும்.

டவுன் ஓட்டத்தையும் ஹைவே ஓட்டத்தையும் கலப்பது

"மூணு மாசமா இறங்கவே இல்லீங்க, ஒரே தடவ சென்னை போய்ட்டு வந்தா அரை லிட்டர் காணோம்" என்று வருவார்கள். வாரம் முழுக்க ஆர்.எஸ்.புரத்துக்கும் காந்திபுரத்துக்கும் ஓடுகிற வண்டியின் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே அபூர்வம். எரியாத எரிபொருளும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும். போன ஆயிலின் இடத்தை அவை நிரப்புவதால் ஸ்டிக்கில் இறக்கம் தெரியாது. அவிநாசி ரோட்டில் ஏறிச் சேலம் வழியாக 500 கிலோமீட்டர் ஒரே மூச்சாக ஓடினால் சேர்ந்ததில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும், உண்மையான அளவு வெளியே வரும். ஆகவே நீளப் பயணம் கிளம்பும் முன்னால் பாருங்கள், பாதியில் எங்காவது மட்டமான இடத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.

புகையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

டீசல் கரும்புகை தள்ளினால் அது காற்று, டீசல் சமாச்சாரம், ஆயில் கணக்கில் வராது. நீலப் புகைதான் ஆயில். அது எப்போது வருகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. காலையில் செல்ஃப் அடித்தவுடன் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற வால்வு சீல் பக்கம் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் திம்பம் மலையின் 27 வளைவுகளையும் ஆக்ஸிலரேட்டரை விட்டே இறங்கி, பண்ணாரியில் மறுபடி மிதிக்கும்போது பின்னால் வருகிறவர் முகத்தில் நீலமாக அடித்தால் அதுவும் பெரும்பாலும் வால்வு சீல், கைடுதான். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங்கையோ, டர்போ இருந்தால் டர்போவையோ சந்தேகப்படலாம். புகையே வராவிட்டால் ஆயில் போகவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1000-க்கு 200, 300 மில்லி எரிவது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது

இறங்கத்தானே போகிறது, கொஞ்சம் கூட ஊற்றி வைப்போம் என்கிறவர்கள் உண்டு. கூடுதல் ஆயிலைச் சுழலுகிற கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும், என்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகிற இன்டேக்குக்கு ஏறும். டீசலில் அது எல்லை மீறினால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது, தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு அலறும்.

அளவு ஏறினால் சந்தோஷப்படுவது

ஏறக்கூடாது. டீசலோ கூலன்ட்டோ கலக்கிறது. மோந்து பாருங்கள், பால் கலந்த காபி நிறமா என்று பாருங்கள், ஓட்டாதீர்கள்.

கெட்டி ஆயிலுக்குத் தாவுவது

"20டபிள்யூ-50 ஊத்துங்க, குடிக்கறது நின்னுரும்" என்பது நம் ஊரின் பொது மருந்து. அந்தக் கிரேடுக்கென்றே செய்த பழைய என்ஜின்களில் சரி. 5டபிள்யூ-30 கேட்கிற சின்ன டீசலில், காலை ஸ்டார்ட்டில் டர்போவுக்கும் டைமிங் செயின் டென்ஷனருக்கும் ஆயில் போய்ச் சேர நேரமாகும். குடிப்பது கொஞ்சம் குறையலாம், செலவு வேறு பக்கம் திரும்பும். கையேட்டில் வெயில் ஊருக்கு ஒரு படி கெட்டியானதை அனுமதித்திருந்தால் அதற்குப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். கிரேடை மாற்றினால் நோட்டில் புதுப் பக்கம் ஆரம்பியுங்கள்.

கணக்கு கையில் வந்த பிறகும் பயப்படுவது

1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று கையேட்டிலேயே போடுகிற கம்பெனிகள் உண்டு, சில 1 லிட்டர் வரைகூடப் போகின்றன. என் கணக்கு அவ்வளவு தாராளமில்லை. 300 மில்லிக்குள் நிலையாக நின்றால் ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள். வருஷம் 10,000 ஓடினால் 3 லிட்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பக்கம் வரும். என்ஜின் வேலைக்கு ஆகிற பணத்தில் எத்தனை வருஷம் ஊற்றலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை மாதாமாதம் ஏறினால்தான் தேட வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். டேப்பட் கவர் பேக்கிங்கோ டிரெயின் நட் வாஷரோ கசிந்தால் காலையில் தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஆடிக் காற்றில் பல்லடம், காங்கேயம் பக்கம் பறக்கிற மண் உள்ளே போனால் போரை அரம் போட்டுவிடும். பிரீதர் ஹோஸும் அந்தப் பாதையில் இருக்கிற பி.சி.வி. வால்வும் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் போகும், இதற்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய்தான். டர்போ ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் சாதாரணம், தேங்கி நின்றால் கோளாறு.

இதெல்லாம் தாண்டின பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கிற சோதனை. குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் துளி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு பக்கம். டீசலில் ஆயில் கொஞ்சம் கூடிப்போனாலும் ஆபத்து, தெரிந்த கையால் மட்டும் செய்யுங்கள். ரிங்தான் என்று வந்து ஹெட்டைக் கழற்றினால், ரிங் செட் வாங்கும் முன்னால் போர் கேஜ் வைத்து அளக்கிற லேத்காரரைக் கூப்பிடுங்கள். புது ரிங் போடுவதென்றால் ஹோனிங்குக்கும் சேர்த்தே விலை பேசிவிடுங்கள்.