ஈகோவை வீழ்த்திய காய்கறித் தட்டு: வீட்டில் செய்யும் முறை

'ரட்டட்டூயி' (2007) படத்தில் ரெமி என்ற எலி, பாரிஸையே நடுங்க வைக்கும் விமர்சகர் ஆன்டன் ஈகோவுக்கு ஒரு காய்கறித் தட்டை அனுப்புகிறதே, அதைத்தான் செய்யப் போகிறோம். "இது ஏழைச் சாப்பாடாயிற்றே" என்று கூடச் சமைக்கும் கோலெட்கூடத் தயங்குவாள். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் அது.

தெற்கு பிரான்ஸில் உள்ள நீஸ் நகரத்துப் பக்கத்து வீடுகளில் ரட்டட்டூயி என்றால் காய்களைத் துண்டு போட்டு வதக்கிச் செய்வதுதான். படத்தில் வரும் வட்ட அடுக்குக்கு கான்ஃபி பியால்டி என்று பெயர். 1976இல் பிரெஞ்சு சமையல் நிபுணர் மிஷேல் கெரார் எழுதிவைத்ததை, பட ஆலோசகராக இருந்த சமையல் நிபுணர் தாமஸ் கெல்லர் மாற்றியமைத்தார்.

எல்லோரும் வட்டங்களை அழகாக அடுக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். ருசி முழுக்க அடியில் பரப்பும் சாஸில் இருக்கிறது. அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் தலா ஒன்றை, கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடுவது போல, தோல் கருகும் வரை அடுப்பில் சுடுங்கள். மூடிவைத்து ஆறியதும் தோலையும் விதையையும் எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு இரண்டையும் சிறு தீயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். சிவந்தால் இனிப்பு தூக்கிவிடும். தோலுரித்து நறுக்கிய நாட்டுத் தக்காளி மூன்று, ஒரு கொத்து தைம் (வாசனை இலை), உப்பு சேர்த்து நீர் வற்றும் வரை விடுங்கள். கடைசியில் குடைமிளகாய். அப்புறம் ருசி பாருங்கள். ரெமியும் அப்படித்தான் செய்யும். ஒரு கரண்டி சாஸைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுக்குவதற்குப் பச்சை சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் சீமைச் சுரைக்காய்), மஞ்சள் சுக்கினி, ஒல்லியான நீளக் கத்திரிக்காய், கெட்டியான பெங்களூர் தக்காளி. நான்கும் ஏறக்குறைய ஒரே பருமனாகப் பார்த்து வாங்குங்கள். சிப்ஸ் சீவும் கட்டையில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் சீவுங்கள். தக்காளிக்கு மட்டும் கூரான கத்தி.

பேக்கிங் தட்டில் சாஸைப் பரப்பி, ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி அடுக்குங்கள். மேலே நசுக்கிய பூண்டு, ஆலிவ் எண்ணெய், தைம், உப்பு, மிளகுத்தூள். பட்டர் பேப்பரைத் தட்டின் அளவுக்கு வெட்டி, காய்களின் மேல் படிய மூடுங்கள். ரெமி அதைக் கத்தரிக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? வெறும் அழகுக்காக வைத்த காட்சி இல்லை அது. காகிதம் இருந்தால்தான் காய் தன் நீரிலேயே வேகும், மேலே காயாது.

ஓவனில் 135 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரம். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்த வேண்டாம். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு இன்னும் அரை மணி.

எடுத்து வைத்த சாஸில் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், சில துளி பால்சாமிக் வினிகர் கலந்து தட்டைச் சுற்றி ஊற்றுங்கள். மிளகாய்த்தூள், தாளிப்பு எதுவும் வேண்டாம். நான் கண்டிப்பாகச் சொல்வேன். தொட்டுக்கொள்ள மொறுமொறு பிரெட் போதும். முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசி இன்னும் ஏறும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் நான் அப்படித்தான் செய்வேன். மறுநாள் 180 டிகிரியில், உள்ளே சூடு ஏறும் வரை வைத்தால் சரி.