ஃபெல்ட் தொப்பியைப் பாழாக்கும் தவறுகள்

நெய்யாமல், கம்பளியையோ முடியையோ அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பி ஆவி காட்டினால் எந்த வடிவத்துக்கும் வளையும் என்பது உண்மைதான். ஆனால் வறண்ட ஊரில் எடுத்த காணொளியைப் பார்த்து அதே கணக்கில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலிலோ தக்கலையிலோ செய்தால் தொப்பி தொளதொளத்துப் போகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. பெட்டியை விட்டு எடுக்கும்போதே தொப்பி கொஞ்சம் ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கும். ஆகவே இங்கே ஆவியைக் குறைத்து, ஆற விடும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துதான் தொப்பியைக் கெடுக்கிறார்கள்.

முதல் தவறு, கையில் இருப்பது என்ன தொப்பி என்று பார்க்காமலே அடுப்பைப் பற்றவைப்பது. ஃபெல்ட்டில் ஆட்டுக் கம்பளியால் ஆனது ஒன்று, முயல் அல்லது பீவர் என்ற கொறிவிலங்கின் முடியால் ஆனது இன்னொன்று. விலை குறைந்தவை அநேகமாகக் கம்பளிதான். தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் சட்டென்று சுருங்கும். மடித்த மடிப்பும் சீக்கிரம் தளரும். முயல் முடி ஃபெல்ட் மெல்லியதாக இருந்தாலும் நெருக்கமானது, மடிப்பை நன்றாகப் பிடித்து வைக்கும். பரணில் கிடக்கும் பழைய சோலா தொப்பி இரண்டிலும் சேராது. அது நெட்டியால் ஆனது. ஆவி காட்டினால் ஊறி உருக்குலையும், வளையாது. தாத்தா காலத்து ஃபெல்ட் தொப்பி கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் முடியைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவிலேயே 1941-இல்தான் அது நின்றது. அப்படிப்பட்ட தொப்பியைச் சமையலறையில் சூடாக்குவதைவிட அலமாரியில் அழகுக்கு வைப்பது மேல்.

அடுத்தது ஆவி எங்கிருந்து வருகிறது என்பது. நம் வீடுகளில் கை முதலில் போவது குக்கருக்கு. விசில் வழியே வரும் ஆவியோடு கஞ்சித் தண்ணீரும் தெறிக்கும். ஃபெல்ட்டில் விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இட்லிப் பானையைத் திறந்து அதன் மேல் கவிழ்த்தால் வளைக்க வேண்டிய இடத்தோடு வேண்டாத இடமும் சேர்ந்து ஊறும். மூக்குள்ள கெட்டில்தான் சரி. சளிக்கு ஆவி பிடிக்கும் வேப்பரைசரும் போதும், ஆனால் அதில் வெறும் தண்ணீர் மட்டும். தைலத்தின் மிச்சம் இருந்தால் தொப்பியில் எண்ணெய்க் கறை விழும். கடலோர ஊர்களில் உப்புக் கரிக்கிற குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியில் உப்பு வராதுதான், கொதிக்கையில் தெறிக்கும் துளியில் வரும். கெட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்பினாலும் இந்தத் தெறிப்புதான்.

ஆவி காட்டும் முன் தொப்பியைத் துலக்க வேண்டும். தூசியோடு ஆவி பட்டால் அழுக்கு இழைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய குதிரைமுடி பிரஷ் போதும். தொப்பியை மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் துலக்குங்கள். ஃபெல்ட்டின் மேலுள்ள மென்முடி அந்தப் பக்கமாகத்தான் படிந்திருக்கும்.

பிறகு உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையை வெளியே மடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. கொதிக்கும் ஆவி பட்ட தோல் சுருங்கி விறைக்கும், பழைய அளவுக்குத் திரும்பாது. அளவாக இருந்த தொப்பி அன்று மாலையே தலையில் ஏற மறுக்கும். "தொப்பி சுருங்கிப்போச்சு" என்று சொல்வார்கள். பார்த்தால் ஃபெல்ட் அப்படியேதான் இருக்கும், உள்பட்டைதான் சுருங்கியிருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே தொப்பியை வைத்துவிட்டுப் போனாலும் இதே கதி.

கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வளைக்கப்போகும் இடத்தை மட்டும் பத்துப் பதினைந்து விநாடி காட்டுங்கள். விரலால் அழுத்தினால் இளகிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரம் மினுக்கினால் அளவு மீறிவிட்டது. பல தொப்பிகளை விறைப்பாக்க அரக்குப் பசை ஏற்றியிருப்பார்கள். சூட்டில் அது இளகும், ஆறினால் பழையபடி இறுகும். அந்த இளகலுக்கும் இறுகலுக்கும் நடுவில் கிடைக்கும் சில விநாடிகள்தான் நம் வேலை நேரம்.

வடிவத்தில் முறை மாறக் கூடாது. முதலில் கிரவுனின், அதாவது தலையை மூடும் மேல்பகுதியின், நடுப்பள்ளம், பிறகு முன்பக்கம் விரலால் கிள்ளியதுபோல் இரு கிள்ளல்கள், கடைசியில்தான் விளிம்பு. அதற்கும் முன்னால் முன்பக்கம் எது என்று தெரிய வேண்டும்: தோல் பட்டையின் இணைப்பும் அதிலுள்ள சிறிய முடிச்சும் பின்னந்தலைப் பக்கம் வரும், வெளி ரிப்பனின் பூமுடிச்சு ஆண்கள் தொப்பியில் இடப்பக்கம். பள்ளத்தைக் கையின் ஓரத்தால் மெதுவாக அமுக்கி, தலையில் வைத்துப் பாருங்கள். உச்சந்தலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் இடைவெளியாவது வேண்டும். அதிகம் அமுக்கினால் தொப்பி தலையில் இறங்காமல் மேலே மிதக்கும். அப்புறம் காது வரை இழுத்து இழுத்தே விளிம்பு கோணும். பள்ளம் பிடிக்கவில்லையா, திரும்ப ஆவி காட்டி உள்ளிருந்து முஷ்டியால் தள்ளினால் போதும். ஆனால் கிள்ளலைக் கூர்மையாக மடித்துவிட்டால் அந்த இடம் பலவீனப்படும். பல மாதம் கழித்து அங்கேதான் ஓட்டை விழும்.

விளிம்பை ஒரே மடியாக மடக்காதீர்கள். முன் ஓரத்தில் தொடங்கி, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் வைத்து, விரலகலம் விரலகலமாக நகர்ந்து வளைத்துக்கொண்டே போங்கள். ஓரத்தில் கம்பி தைத்திருந்தால் ஆவியே தேவையில்லை, கையாலேயே வளையும்.

வளைத்த கையை உடனே எடுப்பதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது. சூடு ஆறும் வரை, ஒரு நிமிடமாவது, அப்படியே பிடித்திருக்க வேண்டும். பிறகு மின்விசிறிக் காற்று நேராகப் படாத நிழலில் ஒரு இரவு முழுக்க விடுங்கள். சாரல் நாளாக இருந்தால் இரண்டு இரவு. அதுவரை தலையில் வைத்து அழகு பார்க்கக் கூடாது. ஹேர் டிரையரும் வேண்டாம்: மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் நின்று, மறுநாள் மடிப்பு தானாகத் தளரும்.

அடுத்து அளவு. காதுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, நெற்றி நடுவே நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். 57 சென்டிமீட்டர் என்றால் தொப்பியில் போட்டிருக்கும் அளவு 7⅛, 58 என்றால் 7¼. சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு படி. இறுக்கமாக இருந்தால் நம் ஊரில் உடனே செய்வது, தொப்பியைச் சருவத்திலோ குடத்திலோ கவிழ்த்து அழுத்தி வைப்பது. பாத்திரம் வட்டம், தலை நீள்வட்டம். வட்டத்துக்கு விரிந்த தொப்பி நெற்றியையும் பின்னந்தலையையும் நெருக்கும், காதோரப் பொட்டுப் பக்கம் மட்டும் இடைவெளி விடும். இறுக்கம் அப்படியே இருக்க, காற்றுக்குப் பறக்கவும் செய்யும். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கிப் பார்த்தால் தெரியும்.

சரியான வழி மெதுவானது. தோல் பட்டையைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் தலையில் வைத்திருங்கள். சில நாள் இப்படிச் செய்தால் தோல் உங்கள் தலையின் வடிவத்துக்குப் பழகிவிடும். மரத் தொப்பி விரிப்பான் கிடைத்தால் பிடிப்பு வரும் வரை திருகி, அதன்மேல் அரைச் சுற்று, ஒரு இரவு. அரைப்படி அளவுக்கு மேல் விரிக்க ஆசைப்பட்டால் ஃபெல்ட் கொடுக்கும், ரிப்பன் கொடுக்காது, தையல் விட்டுப்போகும். தொப்பி பெரிதாக இருந்தால் தோல் பட்டைக்குப் பின்னால் நெற்றிப் பக்கம் மெல்லிய ஃபோம் நாடா வையுங்கள். செய்தித்தாள் மடித்து வைத்தால் வியர்வையில் மை கரைந்து நெற்றியில் இறங்கும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றே தொப்பி போடுவது இந்த மாவட்டத்தில் எளிதில் நடக்கும் தவறு. எண்ணெய் தோலைத் தாண்டி ஃபெல்ட்டில் ஏறி, ரிப்பனுக்கு மேலே கருவளையமாகத் தெரியும். புதுக் கறையென்றால் முகப்பவுடரோ சோளமாவோ தூவி ஒரு இரவு விட்டுத் துலக்குங்கள், இரண்டு மூன்று தடவை. பெட்ரோலில் துடைத்தால் கறை அகன்று பெரிய வட்டமாகும். சானிடைசரோ ஸ்பிரிட்டோ இன்னும் மோசம்: ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், அந்த இடம் மட்டும் துணிபோலத் தொங்கும்.

கிரவுனைக் கிள்ளித் தூக்காதீர்கள். விளிம்பை இரு கையாலும் பிடித்துப் போடுங்கள், எடுங்கள். மேசையில் வைக்கும்போது கவிழ்க்காமல் மல்லாக்க வையுங்கள். கவிழ்த்து வைத்தால் எடை விளிம்பில் இறங்கித் தட்டையாகிவிடும்.

மழையில் நனைந்தால் உதறி, உள்பட்டையை வெளியே மடித்து, அந்தப் பட்டையின் மேலேயே நிற்க வைத்து நிழலில் காய விடுங்கள். ஆடி மழையில் துணி காயவில்லையென்று அடுப்புக்கு மேல் கொடியில் போடுகிறோமே, தொப்பி அங்கே போகக் கூடாது. முட்டம், கன்னியாகுமரிக் கடற்கரைக் காற்றில் சுற்றி வந்தால் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். ஃபெல்ட்டில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு அட்டைப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். பூத்தால் அறைக்குள் வைத்துத் தட்டாமல் வெளியே கொண்டுபோய்த் துலக்கி, காற்றாட நிழலில் விடுங்கள். பூச்சி வராமலிருக்க அந்துருண்டை போடுவதானால் தொப்பியில் படாதபடி துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள்.