மங்காவுக்கு நிறம் பூசி போன் வால்பேப்பர் செய்வது எப்படி?

என் தங்கச்சியின் போனில் ரொம்ப நாளாக ஒரே வால்பேப்பர்தான். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையில் வரும், மழையில் குடையில்லாமல் நிற்கும் ஒரு பையன், முழுக்கக் கறுப்பு வெள்ளை. "அண்ணே, இதுக்குக் கலர் அடிச்சுக் குடுங்களேன்" என்றாள். முடிக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று பளிச்சென்ற நிறங்களாக நிரப்பிக் கொடுத்தேன். தேர்த் திருவிழா பலூன் கடை மாதிரி இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வால்பேப்பரை மட்டும் மாற்றவில்லை.

ஜப்பானில் மங்கா வார இதழ்கள் பெரும்பாலும் மலிவான தாளில் ஒரே மையில் அச்சாகின்றன. அதனால் நிழல், இருட்டு, துணியின் தடிப்பு எல்லாவற்றையும் ஓவியர் கறுப்பிலேயே முடித்துவிடுகிறார். அதன்மேல் நாம் அடர் நிறத்தைக் கொட்டினால் இரண்டும் சண்டை போடும். எந்த நிறம் என்பதற்கு முன்னால் எந்த வேளை, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தயாராவது

ஐபிஸ்பெயின்ட் எக்ஸ் என்ற இலவச ஆப் போதும். நான் விரலால்தான் வரைகிறேன், பேனா வாங்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் மழை வந்தால் கரண்ட் போகும், முதலில் சார்ஜை நிரப்பிக்கொள்ளுங்கள்.

உங்கள் திரையின் அளவு தெரியாவிட்டால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் விவரத்தைப் பாருங்கள். 1080 × 2400 என்பது போல இருக்கும். அதே அளவில் ஆப்பில் புதிய கேன்வஸ், அதாவது வரையும் பரப்பு, திறங்கள்.

புத்தகத்திலிருந்து படம் எடுப்பதென்றால் வெயிலில் வேண்டாம், போனின் நிழல் தாளில் விழும். பனி மூடிய நாளில் வாசற்படியில் வைத்து எடுத்தால் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். அதற்கு மட்டும் நமக்குக் குறைவில்லை.

கோட்டைப் பிரிப்பது

படத்தை உள்ளே கொண்டுவரும்போது கோட்டோவியத்தைப் பிரித்தெடுக்கவா என்று ஆப் கேட்கும். ஓகே கொடுங்கள். வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். இந்த லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) எப்போதும் மேலே இருக்கட்டும், நிறமெல்லாம் இதற்குக் கீழேதான். முதல் தடவை நான் கோட்டின் மேலேயே பூசி, கண்ணையும் மூக்கையும் தொலைத்தேன்.

இடமில்லை என்று படத்தை இடம் வலமாகத் திருப்பாதீர்கள். கிமோனோவில் இடப்பக்க மடிப்புதான் மேலே வரவேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. திருப்பினால் உங்கள் நாயகன் பாடையில் போகிற கோலத்தில் நிற்பான்.

புள்ளிகள்

புதியவர்கள் பாதியில் கைவிடுவது இங்கேதான். மங்காவில் சாம்பல் நிறமாகத் தெரிவது உண்மையில் சாம்பல் அல்ல, நெருக்கமான கறுப்புப் புள்ளிகள். ஸ்கிரீன்டோன் என்பார்கள். அதில் பக்கெட்டால், அதாவது ஒரு பரப்பை ஒரே தொடலில் நிரப்பும் கருவியால், நிறம் ஊற்றினால் புள்ளிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும், கன்னத்தில் அம்மை போட்டது போல் ஆகிவிடும். படத்தைச் சுருக்கினாலோ அலை அலையாக வரிகள் தோன்றும்.

நன்றாகப் பெரிதாக்கி, கோட்டு லேயரில் புள்ளிகளை அழிப்பானால் துடைத்தெடுங்கள். எல்லையில் சின்ன அழிப்பான், நடுவில் பெரியது. முதல் படத்துக்குப் புள்ளி குறைவான, முகம் பெரிதாக உள்ள கட்டத்தையே தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம்.

அடிப்படை நிறம்

தோல், முடி, உடுப்பு ஒவ்வொன்றுக்கும் தனி லேயர். பக்கெட்டில் எக்ஸ்பான்ஷனை (நிறம் எல்லை தாண்டிப் பரவும் அளவு) 2 பிக்சல் அளவில் வையுங்கள், கோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியாது. நிறம் வெளியே வழிந்தால் எங்கோ கோடு விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளியைத் தூரிகையால் அடைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

முடியின் நிறம் தெரியவில்லையா? அந்த மங்காவின் தொகுப்பு நூலின் அட்டைப்படம் பெரும்பாலும் வண்ணத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். நிறங்கள் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்.

நிழல்

ஒவ்வொரு நிறத்துக்கும் மேலே ஒரு புதிய லேயர் போட்டு, கிளிப்பிங் அழுத்தி, மல்டிப்ளை ஆக்குங்கள். கிளிப்பிங் போட்டால் நிழல் கீழே உள்ள நிறத்தைத் தாண்டாது, மல்டிப்ளை அந்த நிறத்தை இருட்டாக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே வெளிர் ஊதா. வெளிச்சம் இடப்பக்கம் என்றால் நிழல் வலப்பக்கம், அவ்வளவுதான். ஓவியர் ஏற்கெனவே கறுப்பு போட்ட இடத்தில் கை வைக்காதீர்கள்.

பின்னணி

மங்கா கட்டம் அகலமானது, போன் திரை நெட்டையானது. மேலே காலியாகக் கிடக்கும் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? எனக்கு விடை வீட்டு வாசலிலேயே கிடைத்தது. காலையில் தேயிலைக் கொழுந்து மலையைப் பாருங்கள். பக்கத்துச் செடியில் இரண்டு இலையும் மொட்டும் மஞ்சள் கலந்த பச்சை, அடியில் முற்றிய இலை கரும்பச்சை. அடுத்த மலை நீலம் கலந்த பச்சை. அதற்கும் பின்னால் சிவனொளிபாதமலை வெறும் சாம்பல் நீலம், பச்சையே கிடையாது. தூரம் போகப் போக நிறம் வெளுத்து வானத்தோடு கலக்கிறது.

அதையே செய்யுங்கள். மூன்று லேயர், மூன்று மலைக்கோடு, பின்னால் போகப் போக வெளிர். இடையில் மிருதுவான தூரிகையால் வெள்ளையை லேசாக இழுத்தால் பனி. டோக்கியோ தெருவில் நிற்க வேண்டிய பையன் மலையடிவாரத்தில் நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முடிப்பது

கோட்டு லேயரில் ஆல்ஃபா லாக் போட்டு (கோட்டின் மேல் மட்டுமே நிறம் பிடிக்கும்), முகத்தின் கோடுகளை மட்டும் கரும்பழுப்பாக்குங்கள். முகம் சட்டென்று உயிர் பெறும்.

அப்புறம் உங்கள் லாக் ஸ்கிரீனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேல் லேயராக வைத்து, 30 சதவீதத்துக்கு மங்கலாக்குங்கள். கடிகாரம் கண்ணின் மேல் உட்கார்ந்திருந்தால் ஆளைக் கீழே இறக்குங்கள். பார்த்ததும் அந்த லேயரை நீக்கிவிட்டு பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் என்றால் கோட்டோரத்தில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

கோடு இன்னொருவருடைய உழைப்பு. உங்கள் போனோடு இருக்கட்டும், உங்கள் பெயர் போடவோ விற்கவோ வேண்டாம்.

தங்கச்சி இப்போது அதே பையனை இரவில் நிற்க வைக்கச் சொல்கிறாள். அது சுலபம்: கோப்பை ஒரு பிரதி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே கருநீலத்தில் ஒரு மல்டிப்ளை லேயர். அதற்கும் மேலே, தூரத்து மலையில் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஜன்னல் மாதிரி ஒரேயொரு மஞ்சள் புள்ளி.