தியரி எழுதாமல் ஆறாம் கிரேடு: பிராக்டிகல் மியூசிஷியன்ஷிப்புக்குத் தயாராவது எப்படி?

பெங்களூருவில் பியானோவோ வயலினோ கற்கும் தமிழ்ப் பிள்ளைகளில் நிறைய பேருக்கு இரட்டைக் குதிரைச் சவாரிதான். வாரநாட்களில் கீபோர்டு வகுப்பு, சனிக்கிழமை காலையில் மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ பாட்டு வகுப்பு. மேற்கத்திய இசைத் தேர்வுகளில் ஐந்தாம் கிரேடு வரை வண்டி ஓடிவிடும். ஆறாம் கிரேடுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் "தியரி முடிச்சாச்சா?" என்று டீச்சர் கேட்பார். வாசிப்பு நன்றாக வரும், எழுத்து வேலை என்றால் வேப்பங்காய் என்று இருக்கும் பிள்ளைகளும், வேலைக்குப் போய்க்கொண்டே கற்கும் பெரியவர்களும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: எழுதாமல், கேட்டும் பாடியும் வாசித்தும் பதில் தரும் பிராக்டிகல் மியூசிஷியன்ஷிப் தேர்வு. சரளி வரிசையிலிருந்து ஸ்வரம் பாடிப் பழகியவர்களுக்கு அந்த வாசல் கொஞ்சம் அகலமாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

லண்டனில் 1889-ல் தொடங்கிய, இசைத் தேர்வுகள் நடத்தும் ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் விதி இது: வாத்தியத்திலோ பாட்டிலோ 6, 7, 8-ஆம் கிரேடு எடுக்க வேண்டுமானால், முதலில் மூன்றில் ஒன்றில் ஐந்தாம் கிரேடாவது தேறியிருக்க வேண்டும். ஒன்று தியரி, அதாவது இசை இலக்கண எழுத்துத் தேர்வு. இன்னொன்று பிராக்டிகல் மியூசிஷியன்ஷிப். மூன்றாவது தனி வாத்திய ஜாஸ். ஜாஸ் தேர்வு பியானோ, சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல், டிரம்பெட், டிராம்போன் போன்ற சில வாத்தியங்களுக்கே உண்டு. வயலின்காரர்கள் அதை மறந்துவிடலாம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்தால் போதும் என்று நினைப்பவருக்குத் தியரிதான் சுலபம். 2020-லிருந்து ஐந்தாம் கிரேடு வரை அது கணினியில் எழுதும் தேர்வு. பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 75 மார்க்குக்கு 50 எடுத்தால் பாஸ். மியூசிஷியன்ஷிப்பைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தயாரிப்புக்கு அதிக மாதங்கள் பிடிக்கும். "நொட்டேஷன் படிக்கவே வேண்டாமாமே" என்பதும் கட்டுக்கதை; நொட்டேஷன் என்றால் தாளில் எழுதிய இசைக்குறிகள். தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டியிருக்கும். படிக்காமல் எப்படிப் பாடுவது?

டிரினிட்டி என்ற இன்னொரு தேர்வு வாரியத்தில் இந்த நிபந்தனையே கிடையாது. தியரி எதுவும் எழுதாமல் நேராக ஆறாம் கிரேடு எடுக்கலாம். ஆனால் நேரில் எடுக்கும் தேர்வில் 6 முதல் 8 வரை சைட் ரீடிங் (பார்த்தவுடன் வாசிப்பது) கட்டாயம், அதோடு ஆரல் (கேட்டுப் பதில் சொல்வது) அல்லது இம்ப்ரோவைசேஷன் (அந்த நேரத்தில் சொந்தமாக வாசிப்பது) ஒன்று. ஆக, அங்கேயும் காதுக்கு வேலை உண்டு.

படி 2: பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுங்கள்

ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் இணையதளத்தில் மியூசிஷியன்ஷிப் தேர்வுக்கெனத் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. உங்கள் கிரேடுக்கான பக்கத்தை அச்செடுத்து கீபோர்டுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். முன்கூட்டித் தயார் செய்து வாசிக்கும் உருப்படி எதுவும் இதில் இல்லை. தேர்வாளர் பியானோவில் உட்கார்ந்து ஏதாவது வாசிப்பார் அல்லது ஒரு தாளை நீட்டுவார். நீங்கள் பாடியோ வாசித்தோ வாயால் சொல்லியோ பதில் தர வேண்டும். கிரேடுக்குக் கிரேடு கேள்விகள் மாறும். ஆனால் அடியில் இருக்கும் திறமைகள் சிலதான்: கேட்டதை நினைவில் வைத்துத் திருப்பித் தருவது, பார்த்ததைப் பாடுவது, மாற்றத்தைக் கண்டுபிடிப்பது, கார்டுகளை (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அடையாளம் காண்பது, கொடுத்த சிறு துணுக்கை வைத்துச் சொந்தமாக வளர்ப்பது.

முதல் நான்கு கிரேடுகளையும் எழுத வேண்டியதில்லை, நேராக ஐந்துக்குப் போகலாம். பயிற்சியை மட்டும் இரண்டாம் கிரேடு அளவிலிருந்து தொடங்குங்கள். பணம் கட்டும் முன், அடுத்த சீசனில் இந்தத் தேர்வு உங்கள் ஊரில் நடத்தப்படுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். பியானோ தேர்வு நடக்கும் இடத்திலெல்லாம் இதுவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: 'ச'வை நகர்த்தப் பழகுங்கள்

கர்நாடக சங்கீதம் கற்றவர்களின் பலமும் இங்கேதான், சிக்கலும் இங்கேதான். ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம் நமக்குத் தொண்டையிலேயே இருக்கிறது. ஆனால் நம் சுருதி ஐந்து கட்டை என்றால் ஆயுசுக்கும் ஐந்து கட்டை. தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆதார சுருதி மாறும்.

கட்டைக் கணக்கை முதலில் பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. தினமும் ஒரு கட்டையில் சங்கராபரண ஆரோகண அவரோகணம் பாடுங்கள். அதுதான் மேஜர் ஸ்கேல். மைனருக்கு மூன்று ராகங்கள் கைகொடுக்கும்: நேச்சுரல் மைனருக்கு நடபைரவி, ஹார்மோனிக் மைனருக்குக் கீரவாணி, மெலோடிக் மைனரின் ஏறுமுகத்துக்குக் கௌரிமனோகரி.

தாளில் 'ச' எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. வரியின் தொடக்கத்தில் ஷார்ப் (ஸ்வரத்தை அரைச்சுரம் ஏற்றும்) குறிகள் இருந்தால் கடைசி ஷார்ப் 'நி'; அதற்கு அரைச்சுரம் மேலே 'ச'. ஃபிளாட் (அரைச்சுரம் இறக்கும்) குறிகள் இருந்தால் கடைசி ஃபிளாட் 'ம'. இரண்டுக்கு மேல் ஃபிளாட் இருந்தாலும் சரி, இரண்டே இருந்தாலும் சரி, கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே 'ச'. இது மேஜருக்கு. மைனராக இருந்தால் அந்த மேஜரின் 'த' இருக்கும் இடம்தான் புதிய 'ச'. குறி எதுவும் இல்லாத தாளில் ஜி-க்கு முன்னால் அடிக்கடி ஷார்ப் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏ மைனர். கீரவாணியின் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்ருதிப் பெட்டியை ஆரம்பத்தில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிடுங்கள். தேர்வு அறையில் அது இருக்காது. பியானோவில் ஒரு கார்டும் முதல் ஸ்வரமும் கேட்டுவிட்டு, அப்புறம் நீங்களாகவே 'ச'வைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

படி 4: பார்த்துப் பாடுவது

ஒரு உதாரணத்தோடு செய்து பார்க்கலாம். தாளில் இரண்டு ஷார்ப், தாளம் மூன்று எண்ணிக்கை. கடைசி ஷார்ப் சி, அது 'நி'. எனவே டி தான் 'ச', இரண்டு கட்டை. ஸ்வரங்கள் இப்படி வருகின்றன:

ச க ப | ம – க | ரி க ரி | ச – – |

முதலில் வாயைத் திறக்காமல் மூன்று மூன்றாக எண்ணி நான்கு கட்டத்தையும் (கோடுகளுக்கு இடையே உள்ள பகுதிகள்) விரலால் தட்டுங்கள். பிறகு மனசுக்குள் ஸ்வரம் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் சத்தம். முதல் கட்டத்தின் ச-க-ப தாண்டல் உங்களுக்குத் தானாக வரும். உஷாராக இருக்க வேண்டியது இரண்டாவது கட்டத்து 'ம'. சங்கராபரண மத்யமம் என்றதும் நம் தொண்டை தன்னால் அசைக்கத் தொடங்கும். இங்கே இரண்டு எண்ணிக்கைக்கும் அது நேராக நிற்க வேண்டும். கமகம் போட்டால் அந்த ஸ்வரம் எது என்றே தேர்வாளருக்குத் தெளிவாகாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பாடிப் பழகியவர்களுக்கு இந்த அசைவில்லாத பாட்டு சட்டென்று பிடிபடும். நடுவில் தவறினாலும் தாளத்தை விடாமல் அடுத்த கட்டத்தில் போய்ச் சேருங்கள். திரும்பத் தொடங்கினால்தான் நஷ்டம்.

படி 5: தாளமும் நினைவும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு எண்ணிக்கைக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட. ஆறு-எட்டு தாளத்தில்தான் ஆரம்பக்காரர்கள் தடுமாறுகிறார்கள். அதை ஆறாக எண்ணாதீர்கள். இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தகிட, திஸ்ர நடை மாதிரி.

நினைவுக்கு: வீட்டில் யாரையாவது கீபோர்டில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஏதாவது வாசிக்கச் சொல்லித் திருப்பிப் பாடுங்கள். டீச்சர் பாடப் பாடத் திருப்பிப் பாடிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு சிறு மெட்டை அதில் தட்டி அச்செடுங்கள். இன்னொருவர் அதில் ஒரு ஸ்வரத்தையோ கால அளவையோ மாற்றி ஒலிக்கவிடட்டும். எந்தக் கட்டம், என்ன மாற்றம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 6: கார்டு

நம் சங்கீதத்தில் இல்லாத பகுதி இது. பாதிப் பயிற்சி நேரத்தை இதற்கே ஒதுக்கச் சொல்வேன். அடிப்படை மூன்று: முதல் கார்டு ச-க-ப, நான்காவது ம-த-ச, ஐந்தாவது ப-நி-ரி.

உங்களுக்குத் தெரிந்த மோகன ராகச் சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ச, க, ப நீளமாக நிற்கும் இடத்தில் இடது கையால் முதல் கார்டு. 'ரி' நின்றால் ஐந்தாவது, 'த' நின்றால் நான்காவது. சில இடங்களில் ஒட்டாது, பரவாயில்லை. ஒட்டவில்லை என்று காதுக்குத் தெரிவதே முன்னேற்றம்.

அப்புறம் முடிப்புகள். ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தால் பர்ஃபெக்ட் கேடன்ஸ். நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்தால் பிளேகல். தேவாலயத்தில் "ஆமென்" முடிவது இப்படித்தான். ஐந்தில் போய் நின்றுவிட்டால் இம்பர்ஃபெக்ட். ஐந்திலிருந்து ஒன்றுக்கு வரும் என்று காத்திருக்கும்போது த-ச-க என்ற ஆறாவது கார்டுக்குத் திரும்பினால் இன்டரப்டட். மேல் ஸ்வரத்தைத் துரத்தாமல், கீழே பாஸ் (bass, அடிக்குரல்) எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். நாலு குரலில் பாமாலை பாடும் சிஎஸ்ஐ தமிழ்ச் சபைக்குப் போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: பாடகர் குழுவில் சேர்ந்து, மெட்டை விட்டுவிட்டு, ஆல்டோவோ பாஸோ பாடுங்கள். சில மாதங்களில் உங்கள் காது மாறிவிடும்.

படி 7: சொந்தமாக வளர்ப்பது

கல்பனாஸ்வரம் பாடத் தெரிந்தவர்கள் இங்கே அதிகம் பேசிவிடுகிறார்கள். கேட்பது ஒரு சின்ன, அடக்கமான வாக்கியம். ச – க | ப – – | என்று துணுக்கு கொடுத்தார்கள் என்று வையுங்கள். எட்டுக் கட்டத்தில் இப்படி முடிக்கலாம்:

ச – க | ப – – | த – ப | ரி – – |
ச – க | ப – – | ம க ரி | ச – – |

நான்காவது கட்டத்தில் 'ரி'யில் நிற்பதைக் கவனியுங்கள். அது ஐந்தாவது கார்டுக்குரிய ஸ்வரம், அதனால் கேள்வி கேட்டது போல் தொங்கும்; எட்டாவது கட்டத்து 'ச' பதில். கொடுத்த துணுக்கின் தாள நடையைக் கைவிடாமல் இருப்பதுதான் முக்கியம். இந்த எலும்புக்கூடு கைக்கு வந்த பிறகு ஏழாவது கட்டத்தில் கொஞ்சம் விளையாடுங்கள்.

படி 8: தேர்வு நாள்

அதற்கு முன் மாதிரித் தேர்வுகளைப் பழக்கமில்லாத ஒருவர் முன்னால் செய்து பாருங்கள். சொந்த டீச்சரின் பியானோவுக்கு மட்டும் பழகிய காது புது அறையில் கொஞ்சம் தடுமாறும்.

அன்றைக்குக் காலையில் தொண்டையை வீட்டிலேயே தயார் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் மாட்டிக்கொண்டால் காருக்குள்ளேயே இரண்டு மூன்று வெவ்வேறு கட்டையில் ஸ்வரம் பாடலாம். பக்கத்து ஆட்டோக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். உள்ளே போனதும், கேள்வி புரியாவிட்டால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். குரல் இனிமைக்காகக் கூச்சப்பட வேண்டாம், சுருதியும் தாளமும் சரியாக இருந்தால் போதும்.

முடிவு வந்ததும் சான்றிதழை ஸ்கேன் செய்து வையுங்கள். ஆறாம் கிரேடு விண்ணப்பத்தின்போது அது தேவைப்படலாம்.